மடையும் மண்ணும்: எடை குறைந்தால் சிறுநீரகத்தில் என்ன மாறுகிறது?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தை விடியற்காலையில் சுற்றி நடப்பவர்களிடம் எதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டால், சுகருக்காக, கொழுப்பைக் குறைப்பதற்காக, மூட்டுவலிக்காக, டாக்டர் சொன்னதற்காக என்று பதில்கள் வரும். கிட்னிக்காக நடக்கிறேன் என்று சொல்பவர் அபூர்வம். சிறுநீரகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கல்லும் டயாலிசிஸும்தான். ஒன்று தாங்க முடியாத வலி, மற்றொன்று கடைசிக் கட்டம். இந்த இரண்டுக்கும் நடுவே, வலியோ வீக்கமோ காட்டாமல் பத்து, இருபது ஆண்டுகள் ஓசையின்றி நடந்துகொண்டே இருக்கும் ஒரு தேய்மானம் உண்டு. அந்தத் தேய்மானத்துக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் என்ன தொடர்பு, உணவாலும் உடற்பயிற்சியாலும் எடையைக் குறைத்தால் அது எவ்வாறு மட்டுப்படுகிறது என்பதை, மருத்துவச் சொற்களோடு பழக்கமில்லாதவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

கைமுட்டி அளவே உள்ள இரண்டு சிறுநீரகங்களுக்கும், இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒவ்வொரு நிமிடமும் வந்து சேர்கிறது. அந்த இரத்தத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிக்கப்படுகிறது. அதில் 99 விழுக்காடு மீண்டும் உடலுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டு, மிச்சமுள்ள ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேறுகிறது. இந்த வேலையைச் செய்பவை நெஃப்ரான்கள் எனப்படும் நுண்ணிய வடிப்பான்கள். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கும். குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே இவற்றின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையே குறைவாக இருப்பதுண்டு.

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்குவது எளிது. ஒரு குளத்துக்கு எத்தனை மடை என்பது குளம் வெட்டிய காலத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்த மடைகளை நம்பி நூறு ஏக்கர் ஆயக்கட்டு இருக்கும் வரை, பலகையை அளவாகத் தூக்கி, தண்ணீரை நிதானமாக விடலாம். ஆயக்கட்டு நூற்றைம்பது ஏக்கராகப் பெருகி, மடைகளின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தால் என்ன செய்வோம்? பலகையை முழுக்கத் தூக்குவோம். தண்ணீர் வேகமாகப் பாயும், எல்லா வயலுக்கும் போய்ச் சேரும், முதல் சில பூவுக்கு, அதாவது சில சாகுபடிக்கு, எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அந்த வேகத்தில் மடையின் கட்டுமானம் அரிபடும். பிறகு ஒரு நாள் வாய்க்காலில் வரும் தண்ணீர் கலங்கலாக வரத் தொடங்கும்.

உடல் எடை கூடும்போது சிறுநீரகத்தில் நடப்பதும் இதுவே. பெருத்த உடலுக்கு அதிக இரத்தம் வேண்டும், அதிலிருந்து அதிகக் கழிவும் வெளியேற வேண்டும். நெஃப்ரான்களின் எண்ணிக்கை கூடாது என்பதால், ஒவ்வொரு நெஃப்ரானும் தன் பங்குக்கு மேல் வடிக்க வேண்டியதாகிறது. உள்ளே வரும் இரத்தக்குழாயின் வாய் அகலத் திறந்து, நெஃப்ரானில் வடிக்கும் வேலையைச் செய்யும் நுண்குழாய் முடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது, முடிச்சும் பருக்கிறது. இதை அதிக வடிப்பு நிலை என்று சொல்லலாம். விந்தை என்னவென்றால், இந்தக் கட்டத்தில் இரத்தப் பரிசோதனையின் முடிவு நன்றாகவே இருக்கும். மடை முழுவதும் திறந்திருக்கும்போது தண்ணீருக்கு என்ன குறை?

வடிக்கும் முடிச்சின் சுவரைக் கால்விரல்களைப் போன்ற நீட்சிகளால் கவ்விப் பிடித்திருக்கும் செல்கள் சில உண்டு. புரதம் சிறுநீரில் நழுவிவிடாமல் தடுப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உள்ளது. முடிச்சு பருக்கும்போது அதே செல்கள் இன்னும் அகலமான சுவரை மூட வேண்டியிருக்கிறது. இவை பெருகும் இயல்பு அற்றவை. ஒன்று பிய்ந்து விழுந்தால் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும், பின்பு அங்கே தழும்பு விழும். இரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிவது அப்போதுதான். குளத்து மடையின் கலங்கல் என்று மேலே சொன்னது இதைத்தான். சர்க்கரை நோயே இல்லாத பருமனானவர்களுக்கும் இவ்வாறு புரதம் கசியலாம் என்பதை மருத்துவ உலகம் 1970களிலேயே பதிவு செய்துள்ளது.

இது பாதிக் கதைதான். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தைச் சுற்றியும் படிந்து, அதை நெருக்குகிறது. உப்பையும் நீரையும் உடலுக்குள் தக்கவைக்கும் ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் அதே நெஃப்ரான்களைத் திரும்பவும் தாக்குகிறது. இதனுடன் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டால், சிறுநீரகச் செயலிழப்புக்கான முதல் இரண்டு காரணங்களும் ஒரே உடலில் குடியேறிவிட்டன என்று பொருள்.

எடை குறையும்போது மேற்சொன்ன சங்கிலி பின்னோக்கி அவிழ்கிறது. உடலின் தேவை குறைவதால் மடைப் பலகை சற்றே இறங்குகிறது, முடிச்சுக்குள் அழுத்தம் தணிகிறது, கசிவும் குறைகிறது. ஸ்பெயினில் 2003ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஏற்கெனவே சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்த, எடை கூடியவர்கள் 30 பேர் பங்கேற்றனர். ஐந்து மாதங்கள் உணவைக் குறைத்த பிரிவினருக்குச் சராசரியாக 4 விழுக்காடு எடைதான் குறைந்தது. ஆனால் புரதக் கசிவு ஏறக்குறைய 31 விழுக்காடு குறைந்திருந்தது. எண்பது கிலோ மனிதருக்கு 4 விழுக்காடு என்பது மூன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பத்து, பதினைந்து கிலோ குறைத்தால்தான் பயன் என்று நினைத்து முயற்சியையே தொடங்காதவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சான்று அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய லுக் அஹெட் என்ற ஆய்வு. எடை கூடிய, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 5,145 பேரில் ஒரு பாதியினருக்கு உணவுக் கட்டுப்பாடும் வாரத்துக்கு 175 நிமிட உடற்பயிற்சியும் தீவிரமாகக் கற்பிக்கப்பட்டன. மாரடைப்பைத் தடுக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய ஆய்வு அது. அந்தக் கேள்விக்குச் சாதகமான விடை கிடைக்காததால் 2012இல் நிறுத்தப்பட்டது. ஆனால் சிறுநீரகக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, மிகக் கடுமையான ஆபத்துநிலைச் சிறுநீரக நோய் இந்தப் பிரிவினரிடம் 31 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. முதலாண்டில் இவர்கள் குறைத்தது உடல் எடையில் 8.6 விழுக்காடு, ஆய்வு முடிந்தபோது அதில் ஒரு பகுதி திரும்பி வந்து, 6 விழுக்காடு இழப்பே எஞ்சியிருந்தது. குறைத்த எடையில் கொஞ்சம் திரும்பிவிட்டது என்று மனம் சோர்ந்து எல்லாவற்றையும் கைவிடுபவர்களுக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம் என்பது என் கருத்து.

நம்மவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றும் உண்டு. சர்க்கரை நோயின் வாசலில் நின்றிருந்த 531 பேரை வைத்துச் சென்னையை மையமாகக் கொண்டு நடந்து, 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மூன்றாண்டுகளில் சர்க்கரை நோய் வருவதை 28.5 விழுக்காடு குறைத்தன. அவர்களுடைய எடையோ பெரிதாக மாறவே இல்லை. தராசு முள் நகராவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எது அதிக எடை என்பதிலும் ஐரோப்பியர் கணக்கு நமக்குப் பொருந்தாது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் மீட்டர் அளவால் இருமுறை வகுத்தால் கிடைக்கும் எண், இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் பருமன். 165 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ளவருக்கு இந்த எண் 29க்கு மேல் வரும். நம் உடல்வாகில் கை, கால் மெலிந்திருந்து வயிறு மட்டும் முன்தள்ளி நிற்பது அதிகம் என்பதால், இன்ச் டேப்பால் இடுப்பை அளப்பது இன்னும் நம்பகமானது: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை. வேட்டி கட்டும் ஊரில் இது கண்ணுக்குத் தெரியாமல் போவதில் வியப்பில்லை. பேன்ட்டைப் போல வேட்டி இறுக்கிக் காட்டிக்கொடுக்காது.

இனி உணவு. நெல்லை வேலியாகக் கொண்டது என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் ஊரில் சோற்றை விடச் சொல்வது நடவாத காரியம். அது தேவையும் இல்லை. தட்டில் பாதி சோறும், ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் என்ற வழக்கத்தைத் தலைகீழாக மாற்றி, அவியலும் கூட்டும் பொரியலும் பாதித் தட்டை நிறைத்த பிறகு மிச்ச இடத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டால், பசி கிடக்காமலேயே உண்ணும் அளவு குறையும். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நல்ல உணவு. இரண்டாம் முறை வாங்கும் சோறுதான் கணக்கைக் கெடுக்கிறது. மறுவீட்டு விருந்தின் சொதியில் தேங்காய்ப்பால் தாராளமாக இருக்கும், அல்வாவில் சீனியும் நெய்யும் தாராளமாக இருக்கும். இவை வருடத்தில் சில நாள் வருபவை. அவற்றை எண்ணிக் கவலைப்படுவதைவிட, வாரத்தில் நான்கு இரவு பரோட்டாவும் சால்னாவும், தினந்தோறும் மாலைத் தேநீருடன் மிக்சரும் உள்ளே போவதைப் பற்றிக் கவலைப்படலாம். கருப்பட்டிக் காபி சர்க்கரை ஏற்றாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வலுவாக வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் உள்ள அதே சர்க்கரைதான்.

எடைக்கும் உப்புக்கும் நேரடித் தொடர்பில்லை என்றாலும் சிறுநீரகத்துக்கும் உப்புக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்தச் சொல்கிறது. குழம்பில் போடுவது மட்டும் உப்பு அல்ல. கருவாடு, அப்பளம், வடகம், மோர்மிளகாய், பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் எல்லாமே அந்த ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள்; அதுவும் சோடியம் குளோரைடே. சோடியம் குறைத்த உப்பு என்று விற்பவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது.

விரைவாக எடை குறைக்கும் உணவு முறைகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பேலியோ போன்ற மாவுச்சத்து குறைந்த முறைகளால் எடை குறைவது உண்மை. சர்க்கரை அளவும் இறங்கும். ஆனால் புரதத்தை மிக அதிகமாக உண்ணும்போது சிறுநீரகம் கூடுதலாக வடிக்க வேண்டியிருக்கிறது. எந்த மடைப் பலகையை இறக்குவதற்காக எடையைக் குறைக்கிறோமோ, அதையே மறுபடியும் தூக்கிவிடுவது போன்றது அது. நல்ல சிறுநீரகம் இதைத் தாங்கிக்கொள்ளலாம். அல்புமின் கசிவு உள்ளவர்களோ செயல்திறன் குறைந்தவர்களோ, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்ற அளவை ஒட்டி நிற்பதே பாதுகாப்பானது. ஜிம்மில் யாரோ பரிந்துரைத்த புரதப் பொடியை இவர்கள் வாங்கக் கூடாது. மற்றபடி, வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது போதுமானது. பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் யூரிக் அமிலம் ஏறும், நீர்ச்சத்து வற்றும், தசையும் கரையும்.

மூலிகை மருந்துகளில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸில் உடல் மெலிய மாத்திரை எடுத்துக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கியது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போக நேர்ந்தது. மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா என்ற இனத்துச் செடி தவறுதலாகக் கலந்திருந்ததே காரணம். நம் கரிசல் நிலத்தில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையும், பெருமருந்துக்கொடி என்ற ஈச்சுரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை. கலவை என்னவென்று அச்சிடாத மெலிவுப் பொடி எதையும், அது இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக நம்பி உட்கொள்ளாதீர்கள்.

உடற்பயிற்சிக்கு வருவோம். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் சொளகை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கடுமையான உழைப்பு அது. விரல்கள் ஓய்வதே இல்லை. ஆனால் உடலின் பெரிய தசைகளான தொடையும் இடுப்பும் நாள் முழுவதும் அசையாமல் இருக்கின்றன, இரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளக்கூடியவை அந்தத் தசைகளே. வேலைக் களைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல என்பதை இவர்களுக்குச் சொல்வது சங்கடமான காரியம்தான். எனினும் சொல்லியாக வேண்டும். மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடப்பதும், இராச்சாப்பாட்டுக்குப் பின் தெருவை இரண்டு முறை சுற்றுவதும் தொடக்கமாக அமையலாம். இலக்கு, வாரத்துக்கு 150 நிமிட வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் இரத்த அழுத்தம் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும் என்பது பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்துக் கண்ட கணக்கு. சித்திரை வெயிலில் மட்டும் நடக்க வேண்டாம். நீர் வற்றிய உடலில் கடும் பயிற்சி செய்வது சிறுநீரகத்துக்கு நேரடித் தீங்கு. பழக்கமில்லாதவர் முதல் நாளே ஜிம்மில் அளவுமீறி எடை தூக்கி, மறுநாள் சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பலர் கவனிக்காத பக்கவழி நன்மை ஒன்று முழங்காலில் இருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள், சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயைச் சுருக்குபவை. எடை குறைந்து, வலி குறைந்து, அந்த மாத்திரைகள் வீட்டை விட்டுப் போனாலே சிறுநீரகத்துக்குப் பெரிய உதவி.

சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், எடை குறையக் குறைய மருந்தின் அளவையும் மருத்துவரிடம் காட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் தாழ்சர்க்கரையும் தலைச்சுற்றலும் வரும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும், சிறுநீரகம் மிகவும் தளர்ந்துவிட்ட முதியவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர்களிடம் எடை இழப்பு பெரும்பாலும் ஊட்டக் குறைவின் அறிகுறி. தழும்பேறிப்போன நெஃப்ரானை எந்த நடையும் எந்த உணவும் மீட்டுத் தராது என்பதையும் மறைக்கக் கூடாது. மிஞ்சியிருப்பவற்றின் சுமையைத்தான் குறைக்க முடியும்.

நம் ஊரில் நாலு கிலோ குறைத்துவிட்டு நிம்மதியாகத் தெருவில் நடக்கவும் முடியாது. “என்ன அண்ணாச்சி, இப்படி மெலிஞ்சு போயிட்டிய? சீனி கீனி வந்துட்டோ?” என்று கேட்க யாராவது இருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து மறுபடியும் சோற்றைக் கூட்டிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் கையில் ஓர் ஆதாரம் தேவை, அது தராசில் கிடைப்பதல்ல.

சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ஒன்றை மட்டும் பரிசோதனையில் பார்ப்பதும் தவறான வழி. அது தசையிலிருந்து வருவது. பட்டினியால் தசை கரைந்தால் கிரியாட்டினின் இறங்கி, சிறுநீரகம் தேறிவிட்டதைப் போலத் தோற்றம் தரும். மறுபுறம், அதிக வடிப்பு நிலையில் இருந்தவருக்கு எடை குறைந்ததும் வடிப்பு வேகம் சற்று இறங்கி, அறிக்கையைப் பார்ப்பவர் பதறக்கூடும். பலகை இறங்கியதன் அடையாளமாகவே அது இருக்கலாம். ஆகவே இரத்தத்தில் கிரியாட்டினினுடன், சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை கசிவு தொடங்கிவிட்டது. அதற்கு மேல் கடுமையானது. எடையைக் குறைக்கத் தொடங்கும் முன் ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் எடுத்துப் பார்த்தால், மாற்றம் எண்ணாகவே தெரியும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. முந்தைய நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தாலும், காய்ச்சலோ மாதவிலக்கோ இருந்தாலும், அல்புமின் தற்காலிகமாகக் கூடுதலாகக் காட்டும். அப்போது இரண்டொரு நாள் பொறுத்துக் கொடுக்க வேண்டும்.